வெள்ளிக்கிழமைச் சாம்பல்

அந்தத் தீவில், ரோஸ் பெல் என்ற ஊருக்குத் தெற்கே, கரும்புக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் மருதை தனியாக இருந்தார். இருபது வருஷம் கரும்பு வெட்டியவர். நாற்பது வயதில் இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு தோட்டத்தின் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். போனார் என்பதைவிட, அந்த வேலைக்கு வேறு யாரும் போகவில்லை என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

அதற்கு முந்தின வருஷம்தான் குடல் காய்ச்சல் வந்து தொழிலாளர் குடியிருப்பில் பதினோரு பேரைக் கொண்டுபோயிருந்தது. மருதையின் மனைவியும் அதில் ஒருத்தி. கக்கூஸ் தண்ணீரும் குழாயடித் தண்ணீரும் ஒரே சாக்கடையாக ஓடையில் கலந்ததுதான் காரணம் என்று டாக்டர்கள் எழுதினார்கள். அதன் பிறகு, சீமையில் படித்துவிட்டு வந்திருந்த, எல்லோரும் ஐயா என்கிற பொருளில் 'முசே' என்று கூப்பிடும் க்ளோட் என்ற இளைஞரை மானேஜர் கூப்பிட்டு இரண்டு சிமெண்ட் தொட்டிகள் கட்டவைத்தார். பெரியது குடியிருப்புக்கு. சின்னது தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு. இரண்டுக்கும் அடியில் குழாய் போட்டு, எண்ணெய் எஞ்சின் வைத்துக் காற்று ஊதினார்கள். தொட்டியில் தண்ணீர் இரவும் பகலும் உலைபோல் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆனால் சூடு கிடையாது. அந்தக் கொதிப்பில் பழுப்பு நிறமாக ஒரு சேறு சுற்றிச் சுற்றி வரும்.

"இது அழுக்கு இல்லை, மருதை. உயிர். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர். காற்றைக் கொடுத்தால் அழுக்கைத் தின்றுவிட்டு நல்ல தண்ணீரை விடும்" என்று க்ளோட் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார்.

"இதுல எத்தனை உயிரோட இருக்கு, எத்தனை செத்துக் கெடக்குன்னு எப்படி முசே தெரியும்?"

க்ளோட் சிரித்தார். "அதை எண்ண யாராலும் முடியாது. நீ எடை போடு. எடை சொல்வதைச் செய்."

அதற்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்துவிட்டு அவர் பட்டணத்துக்குப் போய்விட்டார். மாதத்தில் முதல் திங்கட்கிழமை மட்டும் ரயிலில் வருவார். வெள்ளிக்கிழமை காலையில் பெரிய தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுக்க வேண்டும். கோடு போட்ட உயரமான கண்ணாடிக் குழாயில் அரைமணி நேரம் வைத்து, சேறு எந்தக் கோடு வரைக்கும் படிகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதை வடிதாளில் வடித்துக் காயவைத்து நிறுக்க வேண்டும். மூன்று கிராமுக்கு மேலே போனால் சேறு அதிகம் என்று அர்த்தம். அடி வால்வைத் திறந்து மிச்சத்தை வெளியே விட்டுவிட வேண்டும். சனிக்கிழமைத் தபாலில் எண்களை அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை என்று வைத்ததற்கு அந்தத் தபாலைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

மருதை ஒரு வெள்ளிகூடத் தவறவிடவில்லை. அன்றைக்கு விடியுமுன் எழுந்து குளிப்பார். மனைவி கொண்டுவந்த பித்தளை விளக்கை ஆள் வருமுன் குழாயடிக்குக் கொண்டுபோய், சர்க்கரை ஆலைக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடக்கும் கரும்புச் சக்கைச் சாம்பலை ஒரு பிடி எடுத்துப் பளபளவென்று தேய்ப்பார். விளக்கேற்றிவிட்டுத்தான் கண்ணாடிக் குழாயைத் தொடுவார்.

குடியிருப்பில் யாரும் அவரை வராதே என்று சொன்னது கிடையாது. அது மட்டும் நிச்சயம். ஆனால் கடையில் அவர் அரிசி படிக்கட்டில் தனியாக வைக்கப்பட்டிருக்கும். கோவிலில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாகவே இருக்கும். தொட்டிக்கு வந்த முதல் தை மாதம், காவடிக்குப் பேர் எழுதும்போது, தொழிலாளர்களுக்குத் தலைவரான சர்தார் பொன்னுசாமி மிகவும் அன்பாகத்தான் பேசினார்.

"நீயும் வந்துட்டா தொட்டிய யாரு பாக்கிறது, மருதை? எங்களுக்காக நீ இரு. ஒம் பேர்ல ஒரு பால்கொடம் எடுத்துட்டாப் போச்சு."

மறுவருஷம் அதையும் கேட்கவில்லை. சேற்றைக் கிரியோலில் 'லபு' என்பார்கள். இவருக்கு லபு மருதை என்று பேர் வந்தது. முகத்துக்கு நேரே அல்ல. கொஞ்சம் தள்ளிப் போன பிறகு.

மூன்றாம் வருஷம் மார்கழியில் க்ளோட்டிடமிருந்து கடிதம் வந்தது. தைப்பூச விரத நாட்களில் சர்க்கார் டாக்டர் வந்து பெரிய தொட்டித் தண்ணீரை ஒரு புட்டியில் எடுப்பார். மெதிலீன் என்கிற நீலச் சாயத்தை அதில் விட்டு, மூடி அரக்கு வைத்து, இருட்டில் வைப்பார். தண்ணீரில் அழுக்கு மிச்சமிருந்தால் அது புட்டிக்குள் இருக்கும் காற்றைத் தின்று தீர்த்துவிடும். காற்றுத் தீர்ந்தால் நீலம் வெளுத்துவிடும். ஐந்து நாள் நீலம் நின்றால் தொட்டி நிற்கும். நிற்காவிட்டால், செலவு வீண் என்று தொட்டியை மூடிப் பழைய சாக்கடையையே ஓடைக்குத் திறந்துவிடப்போவதாக மானேஜர் சொல்கிறார்.

மருதை கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தொட்டி போனால் கொட்டகை போகும். இந்த இடுப்போடு கரும்புக்குத் திரும்ப முடியாது. அதையெல்லாம்விடப் பெரிது அந்தச் சாக்கடை. பதினோரு பேரைக் கொண்டுபோன சாக்கடை அது.

அன்றைக்கே க்ளோட் விட்டுப்போயிருந்த சாயத்தில் சொட்டுவிட்டு ஒரு புட்டி வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் புட்டி வெளுத்திருந்தது.

ஓடையில் அரை ஏக்கர் அளவுக்குத் தெய்வானை தண்ணீரிலேயே வளரும் க்ரெசோன் கீரை போட்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். தண்ணீரில் நின்றுகொண்டே கீரை அறுத்து ரோஸ் பெல் சந்தையில் விற்பாள். அவள் மட்டும்தான் மருதையோடு தினமும் பேசுகிறவள். அதுவும் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து.

"அண்ணே, ஒங்க பிள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றாள். தொட்டிச் சேற்றைத்தான் அப்படிச் சொல்வாள். "கீரைத் தண்டுல வெள்ளையா வால் முளைச்சிருக்கு. தொட்டா வழுக்குது. இதைச் சந்தைக்குக் கொண்டுபோனா என்னைத்தான் அடிப்பாங்க."

"எடை நெறையவே நிக்குது, தெய்வானை."

"எடை நெறைய இருந்தா? எங்க வீட்டுக்காரரும் சாவுற அன்னிக்கு நல்ல எடையாத்தான் இருந்தாரு."

அவள் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் குனிந்து அறுக்கத் தொடங்கிவிட்டாள். மருதைக்கு அன்று முழுக்க அது காதிலேயே நின்றது. எடை மூன்றரை கிராம். நான்கு வெள்ளிக்கிழமையாக அதிகம் என்று காட்டி, நான்கு வெள்ளிக்கிழமையும் வால்வைத் திறந்திருந்தார். விட விடத் தண்ணீர் கெட்டதே ஒழிய எடை குறையவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. நல்ல சேறு கண்ணாடிக் குழாயில் பஞ்சு மாதிரி மெதுவாகத்தான் இறங்கும். இது ஐந்து நிமிஷத்தில் மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

வழி தெரிந்தது ஒரு கவனக்குறைவில்தான். மறுபடி சோதித்துப் பார்க்கப் புட்டிகளை நிரப்பும்போது ஒன்றில் ஆஸ்பத்திரித் தொட்டிச் சேறு கொஞ்சம் விழுந்துவிட்டது. சாயத்தை விட்டு மூடி வைத்துவிட்டுக் கஞ்சி குடித்துத் திரும்பினால் அந்தப் புட்டி பால்போல் வெளுத்திருந்தது. மற்றவை நீலமாகவே நின்றன. மருதை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் நாள்கணக்கில் தின்கிற காற்றை இந்த ஒரு கரண்டிச் சேறு அரைமணியில் தின்றுவிட்டது. தின்றதென்றால் உயிரோடு இருக்கிறது. செத்தது எப்படித் தின்னும்?

க்ளோட் கொடுத்த அலாரக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டார். ஒரே அளவு புட்டி இரண்டு. ஒன்றில் ஆஸ்பத்திரித் தொட்டிச் சேறு, இன்னொன்றில் பெரிய தொட்டிச் சேறு. இரண்டிலும் எண்ணி ஒரே அளவு சொட்டு. ஆஸ்பத்திரிச் சேறு எடையில் இரண்டு கிராம்தான். இருபத்தைந்து நிமிஷத்தில் நீலத்தை விழுங்கிவிட்டது. மூன்றரை கிராம் நிற்கிற பெரிய தொட்டிச் சேறு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது.

எடை இருக்கிறது, உயிர் இல்லை. அப்படியானால் எடையாக நிற்பது எது?

காய்ந்த சேற்றை மண்வெட்டியில் போட்டு அடுப்புக் கரியின் மேல் பிடித்தார். ஆஸ்பத்திரிச் சேறு புகைந்து கருகி ஒரு சிட்டிகையாகச் சுருங்கியது. பெரிய தொட்டிச் சேறு கொஞ்சம் புகைந்தது. அவ்வளவுதான். பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது, சாம்பல் நிறத்தில். விரலில் வைத்துத் தேய்த்தார். நறநறவென்றது.

விரலுக்கு அது தெரிந்திருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் அதே சாம்பலைத்தான் இதே விரலால் விளக்கில் தேய்த்திருந்தார். குடியிருப்பில் அறுபது வீடு. அறுபது விளக்கு, சொம்பு, குடம், தாம்பாளம். வெள்ளிக்கிழமை விடியலில் அத்தனையும் குழாயடிக்கு வரும், அத்தனைச் சாம்பலும் தொட்டிக்கு வரும், அது வந்து சேர்ந்த கையோடு அவர் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு நிற்பார். மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த சாம்பலை நிறுத்துப் பார்த்துவிட்டு உயிரை வெளியே விட்டிருக்கிறார். தன் விளக்கையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு.

அன்றைக்கு வால்வைத் திறக்கவில்லை. க்ளோட்டுக்கு விவரமாகக் கடிதம் எழுதினார். பதில் சுருக்கமாக வந்தது. எடைதான் முறை, நேரில் வந்து பார்க்கிறேன், அதுவரை மாற்ற வேண்டாம். க்ளோட் வருகிற திங்களோ டாக்டர் வந்து போனதற்கும் பின்னால். மருதை கடிதத்தை மடித்துத் தராசின் அடியில் வைத்தார். அதுவரைக்கும் எழுத்தில் வந்த எதையும் அவர் மீறியவரில்லை. இப்போது மீறுவதென்று முடிவு செய்ததும், யாரிடமாவது சொல்லிக்கொண்டால் தேவலை போல இருந்தது. கொட்டகையில் யாரும் இல்லை.

மூன்று நாளில் கோவிலில் கொடியேற்றம். பத்து நாள் விரதம் தொடங்கினால் பாத்திரம் தினம் இரண்டு வேளை தேய்ப்பார்கள். காலையில் அவர் குழாயடிக்குப் போய்ப் பத்தடி தள்ளி நின்றார். பெண்கள் குடங்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். சர்தார் வீட்டு ருக்மணிதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா அண்ணே, இந்தப் பக்கம்?"

"ஒரு ஒதவி வேணும், ருக்மணி. தொட்டில சாம்பல் ஏறிப்போச்சு. பாத்திரம் தேய்க்கிற சாம்பல். கொஞ்ச நாளைக்குச் சாம்பல் போடாம…"

"ஆமா. முருகனுக்கு ஏத்துற வெளக்கு அழுக்கா இருக்கட்டும். ஒங்க பீத்தொட்டி மட்டும் சுத்தமா இருக்கட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "புளி போட்டுத் தேய்க்கச் சொல்லுவாரு. புளி ஒங்க தொட்டியிலயா காய்க்குது?" என்றாள்.

மருதையும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "டாக்டர் வர்றாரு. அவரு புட்டில தேறலன்னா தொட்டிய மூடிப் பழைய சாக்கடையத் தொறந்துருவாங்க."

சிரிப்பு நின்றது. ருக்மணியின் தங்கையும் அந்தக் காய்ச்சலில் போனவள். அவள் கையிலிருந்த குடத்தை இன்னும் இரண்டு சுற்றுத் தேய்த்தாள்.

"சாம்பல் இல்லாம முடியாது. அதப் பேசாதீங்க. வேணும்னா ஒரு பீப்பா கொண்டாந்து வைங்க. தேய்க்கிற தண்ணிய அதுல ஊத்துறோம். தூக்கிட்டுப் போய் எங்கியோ கொட்டிக்கிருங்க." குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். "வெரத நாளு. நாங்க போனப்புறம் வாங்க."

அப்படியே ஆனது. காலையில் எட்டு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. அவர் போகும்போது குழாயடியில் ஈரமும் பீப்பாயும் மட்டும் இருக்கும். சாம்பல் தண்ணீரைத் தகர டின்களில் ஊற்றி, காவடித் தடி மாதிரி தோளில் ஒரு மூங்கிலைப் போட்டு, இடுப்பு வலிக்க வலிக்கக் கரும்புக்காட்டு ஓரத்துப் பள்ளத்துக்குச் சுமந்தார். மூன்று நடை, நான்கு நடை. அவரும் விரதம்தான். ஒருவேளைச் சோறு, பாலும் பழமும். அவர் விரதம் இருப்பது யாருக்கும் தெரியாது.

தொட்டியில் ஏற்கெனவே கிடந்த சாம்பலுக்கும் ஒரு யோசனை செய்தார். காற்றை நிறுத்தி மூன்று நிமிஷம் விட்டால் கனமான சாம்பல் முதலில் அடிக்குப் போகும். உயிருள்ள சேறு பஞ்சாக மேலேயே நிற்கும். அந்த நேரம் பார்த்து அடி வால்வை ஒரு திருகு திருகி உடனே மூடிவிட்டால் சாம்பல் மட்டும் வெளியேறும். பிறகு ஆஸ்பத்திரித் தொட்டியிலிருந்து வாளி வாளியாக நல்ல சேற்றைக் கொண்டுவந்து பெரிய தொட்டியில் விட்டார். பால் உறையூற்றுகிற மாதிரி. தினமும் புட்டியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி. ஒன்றே முக்கால். ஒன்றேகால். எழுதிவைத்த எண்ணைக் காட்ட ஆளில்லை என்பதால் மறுபடியும் தானே படித்துப் பார்த்துக்கொள்வார்.

நான்காம் நாள் மழை. பீப்பாயின் மேல் யாரோ சாக்கைப் போட்டு, சாக்குப் பறக்காமல் கல்லும் வைத்திருந்தார்கள். அவர் அந்தக் கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் சற்று முன்னதாகப் போய்விட்டார். பெண்கள் இன்னும் கிளம்பவில்லை. வேலியோரமாக நின்றுவிட்டார். "சீக்கிரம் ஊத்துடி, மருதை அண்ணன் வந்துரப்போறாரு" என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று தெரியவில்லை. லபு என்ற சொல் அதில் இல்லை. அவர் வேலிக்குப் பின்னால் அசையாமல் நின்று, எல்லோரும் போன பிறகுதான் வெளியே வந்தார்.

அன்றைக்கே சர்க்கார் டாக்டர் வந்தார். குள்ளமான மனிதர், தொட்டி விளிம்பில் மூக்கைப் பொத்தாமல் எட்டிப் பார்த்தது மருதைக்குப் பிடித்திருந்தது. புட்டியை நிரப்பிச் சாயம் விட்டு, அரக்கு வைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார். அவர் தண்ணீர் மொண்ட அதே நேரத்தில் மருதையும் ஒரு புட்டி மொண்டு வைத்துக்கொண்டார். அதைக் கொட்டகை மூலையில் சாக்குக்குள் வைத்துக் காலையில் ஒரு தடவை மட்டும் திறந்து பார்ப்பதென்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் நீலம். மூன்றாம் நாள் நீலம். நான்காம் நாள் கொஞ்சம் மங்கினதா, அல்லது வெளிச்சம் குறைவா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்று அவருக்குப் பழம்கூட இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் தைப்பூசம். விடியலிலேயே குடியிருப்பு காலியானது. மேளமும் "அரோகரா"வும் பெரிய ரோட்டில் போவது கரும்புக்கு மேலாகக் கேட்டது. கிட்டே வந்தது, தூரப் போனது, பிறகு எஞ்சின் சத்தம் மட்டும். மருதை எண்ணெய் ஊற்றினார், வால்வைப் பார்த்தார். பீப்பாய் அன்றைக்குக் காலி. டாக்டர் மொண்ட நேரம் வந்தபோது சாக்கைப் பிரித்துப் புட்டியை வெயிலுக்குக் கொண்டுவந்தார்.

நீலம். வெளிறின நீலம்தான், ஆனாலும் நீலம்.

புட்டியோடு ஓடைக்கரைக்கு வேகமாக நடந்தார். தெய்வானையின் பக்கத்தில் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. அவளும் காவடிக்குப் போயிருந்தாள். தண்ணீர் தெளிந்து கீரைத் தண்டுகளின் மேல் ஓடியது. மருதை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார். வாய்வரை வந்ததைச் சொல்ல ஆளில்லாமல் அது அப்படியே உள்ளே இறங்கிப்போனது. சாயங்காலம் திரும்பிவந்து பழம் தின்று விரதத்தை முடித்தார்.

அடுத்த திங்கள் க்ளோட் வந்தார். தூரத்திலேயே கட்டைவிரலை உயர்த்தி, எல்லாம் சரி என்பதற்குக் கிரியோலில் "கோரெக், மருதை, கோரெக்" என்றார். டாக்டர் புட்டி தேறிவிட்டது. தொட்டி நிற்கும். மருதை எழுதிவைத்த நிமிஷக் கணக்கை அவர் நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"நான் சொன்னதை நீ கேட்கவில்லை."

"கேக்கல, முசே."

"நல்லது. இனிமேல் எடையோடு இந்த நிமிஷத்தையும் எழுதி அனுப்பு." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "சாம்பல் இப்போது எப்படி வராமல் இருக்கிறது?"

பீப்பாயைப் பற்றி மருதை சொன்னார்.

"எத்தனை நாளைக்குச் சுமப்பாய்?"

"எப்பவும் சுமக்கலாம், முசே. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

அதை அவர் கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார். க்ளோட் அவர் இடுப்பைப் பார்த்தார். "மலேரியாவில் நீ படுத்தால்? குழாயடியில் ஒரு குழி கட்டினால் போதும். சாம்பல் குழியில் தங்கும், தண்ணீர் மட்டும் மேலே வழிந்து வரும். மாதம் ஒரு தடவை அள்ளினால் சரி. கட்டலாமா, வேண்டாமா? தொட்டி உன் பொறுப்பு. நீயே சொல்."

மருதை பெரிய தொட்டியைப் பார்த்தார். சேறு பஞ்சுபஞ்சாகப் புரண்டுகொண்டிருந்தது. அவர் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் நான்கு வெள்ளிக்கிழமையில் அது செத்துவிடும். அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

"கட்டிருவோம், முசே" என்றார்.

புதன்கிழமை அவரே மண்வெட்டியோடு குழாயடிக்குப் போனார். முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் பெண்கள் குடங்களோடு தள்ளி வரிசையாக நின்று, அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். பீப்பாயை அவர் ஓரமாக உருட்டி வைத்திருந்தார். குழி முழங்கால் ஆழம் வந்தபோது ருக்மணி இரண்டடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது கட்டிட்டா தண்ணி தூக்க வரமாட்டீங்களா?"

"வர வேண்டியதில்ல."

"மாசம் ஒரு தடவை அள்ளணும்னாங்களே?"

"அதுக்கு ஆலையிலேர்ந்து ஆள் அனுப்புறாங்களாம்."

ருக்மணி தலையாட்டினாள். "நல்லதாப் போச்சு. ஒங்களுக்கும் சுமை கொறஞ்சிது" என்று சொல்லி, ஓரத்துப் பீப்பாயை ஒரு தடவை பார்த்துவிட்டு வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.

மருதை குழியின் ஓரங்களைச் செதுக்கிச் சதுரமாக்கினார். அவ்வளவு சீராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மேஸ்திரி மத்தியானம்தான் வருவான், எப்படியும் சிமெண்ட் பூசி மறைத்துவிடுவான். பின்னால் பெண்கள் கொடியிறக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னொரு தடவை நான்கு மூலையையும் சரிபார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு, அவர்கள் தண்ணீர் பிடிக்கட்டும் என்று ஒதுங்கி நடந்தார்.